தாமிரம் ‘வரம்புக்குள்’ இருந்தும் ஸ்டர்ஜன் குஞ்சுகள் ஏன் பிழைப்பதில்லை?

கேள்வி இதுதான்: “ஆற்றில் தாமிரம், துத்தநாகம், காட்மியம் எல்லாம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கின்றன என்று அறிக்கைகள் சொல்கின்றன. பெரிய மீன்களும் நன்றாகவே இருக்கின்றன. அப்புறம் எப்படி, அழிந்துவரும் ஆற்று மீன்களின் குஞ்சுகளை இந்த உலோகங்கள் கொல்கின்றன என்கிறார்கள்?”

பெரிய மீன் நன்றாக இருப்பதும் குஞ்சு சாவதும் ஒரே ஆற்றில், ஒரே நாளில் நடக்கும். வரம்பு என்று எழுதி வைத்திருக்கும் எண் பெரும்பாலும் வேறு மீன்களை, வேறு வயதில் சோதித்துக் கிடைத்தது. மாதிரிக்காக மொண்டெடுக்கும் தண்ணீரும் குஞ்சு வாழும் இடத்துத் தண்ணீர் கிடையாது. இதைப் பொதுவாகப் பேசினால் விளங்காது. அதனால் நீண்ட காலம் ஆராயப்பட்ட ஓர் ஆற்றையும் ஒரு மீனையும் எடுத்துக்கொள்கிறேன்: வட அமெரிக்காவின் கொலம்பியா ஆறு, அதில் வாழும் வெள்ளை ஸ்டர்ஜன்.

ஸ்டர்ஜன் என்றதும் பலருக்குக் கேவியார் ஞாபகத்துக்கு வரும். விலை உயர்ந்த அந்தச் சினை இந்தக் குடும்பத்து மீன்களுடையதுதான். முதுகிலும் பக்கவாட்டிலும் எலும்புத் தகடுகள் வரிசை வரிசையாக இருக்கும். நீண்ட மூக்கு, அதன் அடியில் நான்கு மீசைகள், அவற்றுக்குப் பின்னால் கீழ்நோக்கி நீண்டு உறிஞ்சும் வாய். வட அமெரிக்காவின் நன்னீரில் இதைவிடப் பெரிய மீன் இல்லை. மூன்று மீட்டருக்கு மேல் வளரும், நூறு ஆண்டு தாண்டியும் வாழும். பெண் மீன் முதல்முறை சினை பிடிக்கவே பதினைந்து இருபது ஆண்டுகள், சில நேரம் அதற்கும் மேல் ஆகும். அதன் பிறகும் வருடா வருடம் முட்டையிடாது.

இந்த நீண்ட ஆயுள்தான் பார்ப்பவர்களை ஏமாற்றுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஹ்யூ கீன்லிசைடு என்றொரு அணை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிராண்ட் கூலி அணை. இரண்டுக்கும் இடைப்பட்ட ஆற்றில் சுமார் 3000 பெரிய ஸ்டர்ஜன்கள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மோசமில்லை என்று தோன்றும். வயதைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். ஏறக்குறைய எல்லாமே கிழட்டு மீன்கள். 1970களுக்குப் பிறகு அந்த ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த மீன் வலையில் விழுவது அபூர்வம். இத்தனைக்கும் மீன்கள் முட்டையிடுகின்றன, முட்டை பொரிகிறது, பொரித்த குஞ்சு நீரோட்டத்தில் கட்டிய வலையில் கிடைக்கிறது. ஒரு வயது நிரம்பிய குஞ்சுதான் இல்லை. பொரித்த நாளுக்கும் முதல் குளிர்காலத்துக்கும் நடுவே எங்கேயோ ஒரு தலைமுறை மொத்தமும் காணாமல் போகிறது, ஒவ்வொரு வருடமும். கொலம்பியாவின் கிளையாறான கூட்டெனேயில் வாழும் ஸ்டர்ஜன் கூட்டத்தை 1994இல் அமெரிக்கா அழியும் நிலையில் உள்ள மீன்களின் பட்டியலில் சேர்த்தது. மேல் கொலம்பியாக் கூட்டத்தைக் கனடா 2006இல் அப்படிச் சட்டப்படி அறிவித்தது.

உலோகங்கள் எங்கிருந்து வந்தன? கனடா, அமெரிக்க எல்லைக்கு வடக்கே சுமார் 16 கிலோமீட்டரில் ட்ரெயில் என்ற ஊர். 1896 முதல் அங்கே உருக்காலை இயங்குகிறது. ஈயம், துத்தநாகம் எடுப்பதில் உலகின் பெரிய ஆலைகளில் அதுவும் ஒன்று. சர்வதேசச் சட்டம் படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் பழக்கமானது. ஆலைப் புகை எல்லை தாண்டி வாஷிங்டன் விவசாயிகளின் பயிரைக் கருக்கியது. அந்த வழக்கில் 1938இலும் 1941இலும் வந்த நடுவர் தீர்ப்புகள்தான், ஒரு நாடு தன் மண்ணிலிருந்து அடுத்த நாட்டுக்குக் கேடு போக விடக்கூடாது என்ற கொள்கைக்கு அடித்தளம். ஆனால் அந்த வழக்கு முழுவதும் காற்றைப் பற்றியது. அந்தத் தீர்ப்புகள் வந்த காலத்திலேயே கசடு ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

உருக்கி முடித்த பிறகு மிஞ்சும் கசடைச் சூட்டோடு தண்ணீரில் குளிரவைத்தால் கண்ணாடி போன்ற கறுப்பு மணலாக நொறுங்கிவிடும். 1930 முதல் 1995 வரை இப்படி ஆற்றில் கொட்டியது குறைந்தது 87 லட்சம் டன் என்று ஆலையை நடத்தும் நிறுவனமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அந்தக் கசடில் ஈயம், துத்தநாகம், தாமிரம், காட்மியம், ஆர்செனிக் எல்லாம் இருக்கின்றன. ஆற்று வேகம் அதைக் கீழே உருட்டிக்கொண்டு போய், நார்த்போர்ட் என்ற ஊருக்கு அருகே கறுப்பு மணல் கரை என்றே பெயர் விளங்கும் அளவுக்கு ஒதுக்கியது. மிச்சம் கூழாங்கற்களுக்கு நடுவிலும், கிராண்ட் கூலி அணைக்குப் பின்னால் நிற்கும் ரூஸ்வெல்ட் ஏரியின் அடியிலும் கிடக்கிறது. எல்லையை ஒட்டிய வனேட்டாவும் நார்த்போர்ட்டும் ஸ்டர்ஜன் முட்டையிடும் இடங்கள். இரண்டுமே ஆலைக்குக் கீழே இருக்கின்றன.

இனி குஞ்சைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முட்டை பசை போல ஒட்டும். வேகமான ஓட்டத்தில் விட்டாலும் அடியில் உள்ள கல்லைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரம் பத்து நாளில் பொரிக்கும். வெளியே வரும்போது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம். உடலில் பெரும் பங்கு மஞ்சள்கருப் பைதான். செவுள் சரியாக உருவாகியிருக்காது, தோல் வழியாகவே பெரும்பாலும் மூச்சு விடும். கல்லிடுக்கில் புகுந்து மஞ்சள்கரு தீரும்வரை அங்கேயே பதுங்கியிருக்கும். இந்த நாட்களில் குடலின் கடைசியில் ஒரு கறுப்பு அடைப்பு இருப்பது மெல்லிய தோல் வழியாகவே தெரியும். மஞ்சள்கரு தீர்ந்து குடல் வேலைக்குத் தயாரானதும் அந்த அடைப்பு வெளியே வந்துவிடும். பொரிப்பகத்தில் வேலை செய்பவர்கள் தொட்டியின் அடியில் அந்தக் கறுப்புத் துணுக்குகளைப் பார்த்துத்தான் “சரி, இனி தீனி போடலாம்” என்று முடிவு செய்வார்கள்.

ஆற்றில் தீனி போட யாரும் இல்லை. இடுக்கிலிருந்து வெளியே வந்து, வாயைத் தரையோடு வைத்து, கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சுகளையும் நுண்ணிய இறால் வகைகளையும் தேடித் தின்ன வேண்டும். இந்த நேரத்தில்தான் செவுள் முழு வேலைக்கு வருகிறது. சேமிப்பு தீர்ந்துவிட்டது, உணவு இன்னும் உறுதிப்படவில்லை, தோலும் செவுளும் மெலிந்திருக்கின்றன, உடல் முழுக்கக் கசடு கலந்த படுகையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த சில வாரங்களில்தான் குஞ்சு தப்புமா என்பது முடிவாகிறது.

தாமிரம் என்ன செய்கிறது? தாமிரமும் துத்தநாகமும் உடம்புக்குச் சிறிதளவு வேண்டியவைதான். காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் மீனின் உடலில் எந்த வேலையும் கிடையாது. நன்னீர் மீனின் ரத்தத்தில் உப்பு அதிகம், சுற்றியிருக்கும் நீரில் மிகக் குறைவு. அதனால் உடலிலுள்ள சோடியம் எந்நேரமும் வெளியே கசியும். செவுளில் உள்ள சில செல்கள் அதை எந்நேரமும் திரும்ப உள்ளே இழுத்தாக வேண்டும். தாமிரம் அந்த வழிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சோடியத்தை இழுக்கும் நொதியையும் முடக்குகிறது. கசிவு தொடர்கிறது, வரவு நின்றுபோகிறது. ரத்தத்தில் உப்பு இறங்கி, ரத்தம் தடித்து, இதய ஓட்டம் சிதைந்து மீன் சாகிறது. காட்மியமும் துத்தநாகமும் இதே வேலையைக் கால்சியத்திடம் காட்டுகின்றன. ஈயம் இரண்டிலும் கை வைக்கும்.

பெரிய மீனுக்கும் இது நடக்கும். ஆனால் அதன் உடலில் இருப்பு அதிகம், எடைக்கு ஏற்பப் பார்த்தால் தண்ணீரைத் தொடும் பரப்பு குறைவு, இழந்ததை ஈடுகட்ட அவகாசமும் உண்டு. இரண்டு சென்டிமீட்டர் குஞ்சுக்கு அந்த மூன்றுமே இல்லை.

எண்ணில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். இங்கே பேசுவதெல்லாம் லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கு. பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் நூறை நிறுத்தி, அவ்வளவு நீரிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் தாமிரத்தைக் கரைத்தால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். மனிதர் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 2000 மைக்ரோகிராம் தாமிரம் வரை இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் ஆய்வுக்கூடத்தில் ஸ்டர்ஜன் குஞ்சுகளை நான்கு நாள் தாமிர நீரில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு மாத வயதில், லிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராமை ஒட்டிய அளவிலேயே பாதிக் குஞ்சுகள் செத்தன. ரெயின்போ டிரவுட் என்ற வேறொரு மீனின் அதே வயதுக் குஞ்சுகளில் பாதி சாக 30க்கு மேல் தேவைப்பட்டது. நான்கைந்து மாதமான ஸ்டர்ஜன்களோ 100ஐத் தாண்டியும் தாங்கின. ஒரே மீன், ஒரே உலோகம். சில மாத வயது கூடியதும் தாங்கும் அளவு இருபது மடங்காகிவிடுகிறது.

இப்போது வரம்பைப் பார்ப்போம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நீண்ட காலம் பயன்படுத்திய கணக்குப்படி, தண்ணீரின் கடினத்தன்மை (அதில் கரைந்த கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால், குறுகிய காலத்துக்கு 13 மைக்ரோகிராம் தாமிரமும் நீண்ட காலத்துக்கு 9 மைக்ரோகிராமும் அனுமதி. ஒரு மாதக் குஞ்சில் பாதியைக் கொல்லும் அளவு இந்த இரண்டு எண்களுக்கும் கீழே விழுகிறது. அந்த வரம்பை வகுத்தவர்கள் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. அன்றைக்குக் கையில் இருந்தவை எளிதில் வளர்க்கக்கூடிய மீன்களின் தரவுகள். டிரவுட்டைத் தொட்டியில் வளர்ப்பது சுலபம். அழியும் நிலையில் இருக்கும் மீனின் முட்டை கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் குஞ்சு சுத்தமான நீரிலேயே தீனி எடுக்காமல் சாகும். எந்த மீனைக் காப்பாற்ற வேண்டுமோ அந்த மீனே தரவில் இல்லாமல் போனது இப்படித்தான்.

2007இல் அந்த முகமை தாமிரக் கணக்கை மாற்றியது. கடினத்தன்மையோடு, தண்ணீரின் அமிலத் தன்மையையும், இலைதழை மக்கிக் கரைந்த கரிமப் பொருளையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு அது. கரிமப் பொருள் தாமிரத்தைப் பிடித்துக்கொண்டால் செவுளுக்குப் போவது குறையும். கலங்கிய பழுப்பு நீரில் தாமிரத்தின் கடுமை தணிவதும், கண்ணாடி போலத் தெளிந்த மலையாற்றில் அது முழுப் பலத்தோடு தாக்குவதும் இதனால்தான். கொலம்பியாவின் மேல்பகுதி தெளிந்த நீர் ஓடும் ஆறு.

சோதனை முறையிலும் ஒரு ஓட்டை இருந்தது. நான்கு நாள் சோதனையில் எண்ணுவது பிணங்களை. இதயம் துடித்தால், தொட்டால் அசைந்தால், உயிரோடு இருப்பதாகக் கணக்கு. ஸ்டர்ஜன் குஞ்சுகளைக் கவனித்தவர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள். கொல்லும் அளவுக்குக் கீழேயே குஞ்சு சமநிலை இழந்து பக்கவாட்டில் சாய்கிறது. நீந்துவதில்லை, தீனியைத் தேடுவதில்லை, தொட்டியின் அடியில் வெறுமனே கிடக்கிறது. தொட்டியில் அது ‘உயிர்’. ஆற்றில் அப்படிக் கிடக்கும் குஞ்சை அடுத்து வரும் மீன் விழுங்கிவிடும், அல்லது நீரோட்டம் அடித்துக்கொண்டு போகும். அசையாமல் கிடப்பதையும் சாய்ந்து கிடப்பதையும் இறப்போடு சேர்த்து எண்ணினால் பாதுகாப்பான அளவு இன்னும் கீழே இறங்குகிறது. இந்தத் துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த மிக முக்கியமான மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். புதுக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. குஞ்சைக் குனிந்து பார்க்க ஆள் இருந்தால் போதும் என்றாகிவிட்டது.

அடுத்தது மாதிரி எடுக்கும் இடம். படகிலிருந்து பாட்டிலை இறக்கி, ஓடும் நீரின் நடுவிலிருந்து மொண்டெடுப்பது வழக்கம். 1995இல் கசடு கொட்டுவது நின்று, பழைய உருக்கும் உலைக்குப் பதில் 1997இல் புதியது வந்த பிறகு, அந்த நடு நீர் பெரிதும் தெளிந்துவிட்டது. ஆலைக்கு மேலேயும் கீழேயும் ஆற்று நீரை எடுத்து, கரையிலேயே வைத்து அதில் ஸ்டர்ஜன் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்த ஆய்வில் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இந்த முடிவை மறைக்கக் கூடாது. இன்றைய ஓடும் நீர் மட்டுமே குஞ்சுகளைக் கொல்கிறது என்று யாராவது சொன்னால் அது தவறு என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் குஞ்சு நடு நீரில் வாழ்வதில்லை. கூழாங்கல் இடுக்கில், கசடுத் துகள்களோடு தேங்கி நிற்கும் நீரில் வாழ்கிறது. கண்ணாடி போன்ற அந்தக் கசடு எதனோடும் வினைபுரியாது, சாதாரண மணலைப் போலக் கிடக்கும் என்று பல ஆண்டு வாதாடினார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை துகள்களை எடுத்துப் பார்த்தபோது, மேற்பரப்பு அரிக்கப்பட்டு உலோகங்கள் வெளியேறும் அடையாளங்கள் இருந்தன. இடுக்கு நீருக்கும் ஓடும் நீருக்கும் இடையில் உலோக அளவு பல மடங்கு மாறலாம். மேலே மொண்ட பாட்டிலுக்கு அது தெரியாது. பொரிப்பகத்தில் வளர்த்து ஏரியில் விட்ட இளம் ஸ்டர்ஜன்கள் சிலவற்றின் குடலைத் திறந்து பார்த்தபோது பெரும்பாலானவற்றில் கசடுத் துகள்கள் கிடந்தன. தரையை உறிஞ்சித் தின்னும் மீன் தரையில் என்ன இருக்கிறதோ அதையும் சேர்த்தே விழுங்கும்.

சரி, அப்படியானால் குற்றவாளி உருக்காலைதான் என்று முடித்துவிடலாமா? முடியாது. இதே பிரிட்டிஷ் கொலம்பியாவில் நெச்சாக்கோ என்றொரு ஆறு. அங்கே மேலே உருக்காலைக் கசடு ஏதும் இல்லை. 1950களில் கென்னி அணை கட்டி நீரைத் திருப்பினார்கள். அங்கேயும் 1960களின் பிற்பகுதியிலிருந்து ஸ்டர்ஜன் குஞ்சு தப்பவில்லை. கொலம்பியாவிலேயே ட்ரெயிலுக்கு வெகு மேலே உள்ள ரெவல்ஸ்டோக்கில் முட்டையிடும் மீன்களுக்கும் அதே கதி. கூட்டெனேயில் 1970களின் தொடக்கத்தில் லிபி அணை வந்ததும் குஞ்சு வரத்து நின்றது. ட்ரெயில் கசடோ 1930 முதலே ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது, ஆனால் மேல் கொலம்பியாவில் குஞ்சுகள் நின்றுபோன காலம் கீன்லிசைடு, மைக்கா அணைகள் எழுந்த காலத்தோடு ஒத்துப்போகிறது. அணை வெள்ளத்தை அடக்கும். வெள்ளம் வராவிட்டால் கூழாங்கல் இடுக்கில் வண்டல் அடைத்துக்கொள்ளும். இடுக்கு அடைத்தால் முட்டைக்கு மூச்சு இல்லை, குஞ்சுக்கு ஒளிவிடம் இல்லை. தெளிந்த நீரில் குஞ்சு வேட்டை மீன்களின் கண்ணிலும் நன்றாகப் படும்.

அதனால் என் கருத்து இது. அணைகள் இந்த மீனைக் கீழே தள்ளின, உலோகம் எழுந்திருக்க விடாமல் அழுத்துகிறது. இரண்டையும் தனித்தனியாக விசாரிப்பதில்தான் தவறு நடக்கிறது. ஒளிய இடமில்லாத குஞ்சு திறந்த படுகையில் கிடக்கிறது, அங்கே தாமிரம் அதன் நீச்சலைக் கெடுக்கிறது, நீந்தாத குஞ்சை மீன் தின்கிறது. இறப்புச் சான்றிதழில் எதைக் காரணமாக எழுதுவது? ஆலைக்காரர்கள் அணையைக் காட்டுவார்கள், அணைக்காரர்கள் ஆலையைக் காட்டுவார்கள். குஞ்சுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வந்து சேர்கிறது.

இதுவரை சொன்னது தண்ணீர் வழியாக நேரே வரும் நஞ்சு. இன்னொரு வழி தாய் மூலமாக வருவது, அது செலினியத்தின் வழி. என்னைக் கேட்டால் இரண்டில் இதுதான் கொடியது, ஏனென்றால் பெரிய மீனைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. செலினியம் கந்தகத்தின் அண்டைத் தனிமம். பாசியும் நுண்ணுயிரும் அதைக் கந்தகம் என்று எடுத்து, மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் பொருத்திவிடுகின்றன. அவற்றைத் தின்னும் பூச்சிக்கும் சிப்பிக்கும், அங்கிருந்து மீனுக்கும் அது போகிறது. பெண் மீன் சினை பிடிக்கும்போது தன் உடலிலுள்ள புரதத்தை மஞ்சள்கருவுக்கு அனுப்புகிறது, செலினியமும் கூடவே போகிறது. முட்டை ஒழுங்காகப் பொரிக்கும். மஞ்சள்கருவைக் குஞ்சு கரைத்துச் சாப்பிடத் தொடங்கும்போதுதான் முதுகெலும்பு வளைவதும், தாடை கோணுவதும், வயிறு நீர் கோத்து வீங்குவதும் ஆரம்பிக்கும். தாய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது.

வட கரோலினாவின் பெலூஸ் ஏரியில் இது கண்ணெதிரே நடந்தது. நிலக்கரி மின்நிலையத்தின் சாம்பல் நீர் 1970களின் நடுவில் ஏரிக்கு வந்தது. பெரிய மீன்கள் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே குஞ்சு வரத்து நின்று, 20 வகை மீன்களில் 19 அந்த ஏரியிலிருந்து இல்லாமல் போயின.

கொலம்பியாவின் வடிநிலத்துக்குச் செலினியம் வருவது பிரிட்டிஷ் கொலம்பியாவின் எல்க் பள்ளத்தாக்கில் உள்ள நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து. மலையை உடைத்துக் குவித்த பாறைக் குவியல்கள் வழியாக மழையும் பனிநீரும் இறங்கும்போது செலினியத்தைக் கழுவிக்கொண்டு எல்க் ஆற்றுக்கும், அங்கிருந்து கூக்கனூசா நீர்த்தேக்கத்துக்கும், அப்புறம் கூட்டெனே ஆற்றுக்கும் போகிறது. கூட்டெனேயின் கீழ்ப்பகுதியில்தான் 1994இல் பட்டியலில் சேர்ந்த அந்த ஸ்டர்ஜன் கூட்டம் வாழ்கிறது. 2021இல் கனடாவின் மீன்வளச் சட்டத்தின் கீழ் அந்தச் சுரங்க நிறுவனம் 6 கோடி கனடிய டாலர் அபராதம் கட்டியது. ஏரி, ஆற்று நீரில் செலினியத்தை அளந்தால் மட்டும் போதாது என்பதை அமெரிக்கா 2016இல் ஏற்றுக்கொண்டது. இப்போதைய அளவுகோலில் முதலிடம் மீனின் சினைக்கு: உலர்ந்த எடையில் கிலோவுக்கு 15.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த எண்ணைத் தீர்மானிக்க எடுத்துக்கொண்ட மீன்களில் மிகவும் நலிந்தவற்றுள் வெள்ளை ஸ்டர்ஜனும் ஒன்று. முட்டையையே அளப்பது என்ற இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. குஞ்சைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குஞ்சு எதைச் சாப்பிடுகிறதோ அதைத்தான் அளக்க வேண்டும்.

கொல்லாமலே கெடுப்பதற்கு இன்னொரு உதாரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கோஹோ சால்மன் குஞ்சுகளுக்கு மோப்பம்தான் காவல். பக்கத்தில் ஒரு மீன் கடிபட்டால் அதன் தோலிலிருந்து கசியும் பொருளை மோந்ததும் அசையாமல் உறைந்து நிற்கும். லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் தாமிரத்தில் மூன்று மணி நேரம் இருந்தாலே இந்த எச்சரிக்கை உணர்வு மழுங்குவதை அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள். அப்படி மழுங்கிய குஞ்சுகளை வேட்டை மீனுள்ள தொட்டியில் விட்டபோது அவை எளிதாக இரையாயின. நகரத்து ஓடைகளில் இந்தத் தாமிரத்தின் பெரிய வரத்து எது தெரியுமா? வாகனங்களின் பிரேக் பேடு தேய்ந்து விழும் தூள். மழை அதைச் சாலையிலிருந்து ஓடைக்குக் கொண்டுபோகிறது. வாஷிங்டனும் கலிபோர்னியாவும் 2010இல் சட்டம் போட்டு, பிரேக் பேடுகளில் தாமிரத்தை 2021க்குள் 5 சதவீதத்துக்கும் 2025க்குள் அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரச் சொன்னன. தயாரிப்பாளர்களும் மாற்றுப் பொருளுக்குப் போய்விட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு குஞ்சின் மோப்பத்துக்காகக் கார் உதிரிபாகத்தையே மாற்ற முடிகிறது என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது.

கொலம்பியாவில் நம்பிக்கை அவ்வளவு வேகமாக வரவில்லை. 2002 வாக்கிலிருந்து பொரிப்பகக் குஞ்சுகளை ஆற்றில் விடுகிறார்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே பிழைத்தன, எந்த அளவுக்கென்றால் ரூஸ்வெல்ட் ஏரியில் 2017இல் அவற்றைப் பிடிக்கவே அனுமதி கொடுத்தார்கள். இதைக் காட்டி ஆறு சரியாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொரிப்பகம் செய்வது, முட்டையிலிருந்து முதல் சில மாதங்கள் வரை சுத்தமான நீரில் வைத்துக் காப்பாற்றி, ஆபத்தான வயதைக் கடந்த பிறகு ஆற்றில் விடுவது. அந்த மீன்கள் பிழைப்பது, சில மாதமான குஞ்சு தாங்கும் என்று ஆய்வுக்கூடம் சொன்னதையே உறுதிப்படுத்துகிறது. ஒரு மாதக் குஞ்சுக்கு அந்தப் படுகை உகந்ததா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. சில தாய்மீன்களின் குஞ்சுகளையே திரும்பத் திரும்ப விட்டால் மரபு வளம் குறுகிவிடும் என்பதால், ஆற்றில் தானே பொரித்து மிதந்து வரும் குஞ்சுகளை வலையில் பிடித்து வளர்த்து விடுகிறார்கள். எப்படியும் செத்துப்போகும் குஞ்சுகள் அவை.

படுகையைச் சுத்தம் செய்யும் வேலைதான் பின்தங்கிக் கிடக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் கால்வில் பழங்குடிகளைச் சேர்ந்த இருவர் கசடு தொடர்பாக 2004இல் வழக்குத் தொடுத்தார்கள், 2012 டிசம்பரில் நீதிமன்றம் ட்ரெயில் ஆலை நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. 2010இல் கறுப்பு மணல் கரையிலிருந்து கசடை அள்ளி அப்புறப்படுத்தினார்கள். மேல் கொலம்பியாவைத் தேசிய முன்னுரிமைத் தூய்மைப் பட்டியலில் சேர்க்கச் சுற்றுச்சூழல் முகமை முன்மொழிந்தது 2024இல்தான். கசடு கொட்டுவது நின்று அதற்குள் 29 ஆண்டு ஆகிவிட்டது. மற்றப் படுகையில் கிடக்கும் கசடை முழுவதும் தோண்டுவது நடக்காத காரியம், தோண்டினால் புதைந்திருப்பதும் கிளம்பும். முட்டையிடும் இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் சுத்தமான கூழாங்கல்லைப் பரப்பி, முட்டையிடும் காலத்தில் அணையிலிருந்து கூடுதலாக நீர் திறந்துவிடுவதுதான் செய்யக்கூடியது என்பது என் எண்ணம். கல் பரப்பும் முயற்சிகள் நெச்சாக்கோவிலும் கூட்டெனேயிலும் நடந்திருக்கின்றன.

இனி ‘வரம்புக்குள்’ என்று எழுதிய அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சிலவற்றைத் தேடுங்கள். எந்த மீனை வைத்து அந்த வரம்பு வந்தது, அந்த மீனுக்குச் சோதனையின்போது என்ன வயது? செத்ததை மட்டும் எண்ணினார்களா, சாய்ந்து கிடந்ததையும் சேர்த்தார்களா? நீரின் கடினத்தன்மையும் கரைந்த கரிமமும் அறிக்கையில் உண்டா? செலினியம் என்றால் சினையை அளந்தார்களா, நீரை மட்டுமா? கடைசியாக, மாதிரி எடுத்த இடத்தையும் மாதத்தையும் பாருங்கள். வனேட்டாவில் ஸ்டர்ஜன் முட்டையிடுவது ஜூன், ஜூலையில். ஆகஸ்டு வரை குஞ்சு கல்லிடுக்கிலும் அதை ஒட்டிய தரையிலும்தான் இருக்கும். அந்த மூன்று மாதத்தில், அந்த இடுக்கு நீரிலிருந்து எடுத்த எண் ஒன்றாவது இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு குஞ்சுகளைப் பற்றி எதுவும் முடிவு செய்யாதீர்கள்.